ஜனவரியில் திட்டுகிறோம், ஜூனில் மறக்கிறோம்: பிடிக்காமல் போனது நகரமா, குளிர்காலமா?

நாலாம்மாடி (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் புலம்பல், கொஞ்சம் கேள்வி.

வருஷத்தில் நாலு மாசம் பனி கிடக்கிற ஒரு பெருநகரத்தில் இருக்கிறேன். எந்த நகரம் என்று வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. சொன்னால் பேச்சு முழுக்க அந்த ஊரைப் பற்றியே போய்விடும். ஜனவரி வந்தாலே "போதும், கிளம்பிவிடலாம்" என்று தோன்ற ஆரம்பிக்கிறது. வாடகை, நெரிசல், யாரும் யாரையும் ஏறிட்டுப் பார்க்காத ரயில் பயணம் எல்லாம் ஒரேயடியாக உறுத்துகிறது. மே மாசம் பூங்காவில் ஆட்கள் உட்கார ஆரம்பித்ததும் அதே வாடகையும் அதே நெரிசலும் "பெரிய ஊர்னா சும்மாவா" என்று பெருமையாகிவிடுகிறது.

இந்தத் தடவை சும்மா புலம்பிவிட்டுப் போக முடியாது. சின்ன ஊர் ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் கொஞ்சம் குறைவு, வீடு பெரிது. பிப்ரவரி கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். இப்போது எனக்கு இருக்கிற கோபம் நகரத்தின் மேலா, தட்பவெப்பத்தின் மேலா என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

வடதிசை

அந்தச் சின்ன ஊரில் பனி பெய்யாதா?

நாலாம்மாடி

பெய்யும். இங்கே பெய்கிற அளவுக்கே பெய்யும்.

வடதிசை

அப்புறம் என்ன கேள்வி இது. குளிருக்காகப் போகவில்லை என்றால் ஜூனில் யோசித்து முடிவெடுங்கள். இப்போது எடுக்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை

வடதிசை ஒரு வரியில் முடித்துவிட்டார். ஆனால் இதற்குப் பின்னால் சுவாரசியமான ஆராய்ச்சிகள் இருக்கின்றன.

1998இல் டேவிட் ஷ்காடே, டேனியல் கானமன் இருவரும் அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியிலும் தெற்குக் கலிபோர்னியாவிலும் படிக்கிற கிட்டத்தட்ட 2000 மாணவர்களிடம் கேள்வி கேட்டார்கள். ஒரு பாதிப் பேரிடம் "உங்கள் வாழ்க்கையில் எவ்வளவு திருப்தி?" என்று. மற்றவர்களிடம் "உங்களைப் போன்ற ஒருவர் இந்த இரண்டு பகுதிகளில் ஒன்றில் இருந்தால் எவ்வளவு திருப்தியாக இருப்பார்?" என்று. குளிர் நடுக்குகிற பக்கத்தில் இருந்தவர்களும் கலிபோர்னியாக்காரர்களும் தங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொன்ன திருப்தி ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் இன்னொருவரைப் பற்றிக் கேட்டதும் இரண்டு பக்கத்தாரும் "கலிபோர்னியாவில் இருப்பவர்தான் சந்தோஷமாக இருப்பார்" என்றார்கள். இரண்டு இடங்களை எடைபோடும்போது கண்ணுக்கு முதலில் படுவது வெயிலும் குளிரும். தினசரி வாழ்க்கையில் அதைவிட வேலை, தூக்கம், கூட இருப்பவர்கள் எல்லாம் பெரிசு. அது ஒப்பிடும் நேரத்தில் நினைவுக்கு வருவதில்லை.

நாலாம்மாடி இப்போது செய்வது அதேதான். நகரத்தை எடைபோட உட்கார்ந்த நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே பனி.

இரவுப்பணி

கணக்குப்பிள்ளை சார், மாணவர்களைக் கேட்டா அப்படித்தான் வரும். விடுதிலேர்ந்து வகுப்புக்குப் பத்து நிமிஷ நடை. நான் ஆஸ்பத்திரில ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிறவ. காலைல வேலை முடிச்சு பஸ் ஸ்டாப்ல நிக்கறப்ப பலகைல "2 நிமிடம்" னு இருக்கும். கொஞ்ச நேரம் கழிச்சுப் பார்த்தாலும் "2 நிமிடம்". அப்புறம் அந்த வண்டியே பலகைலேர்ந்து காணாமப் போயிடும், அடுத்தது "19 நிமிடம்". தெருவைக் கடக்கிற இடத்துல ஓரமா சாம்பல் நிறத்துல கெட்டியா தெரியும், பனிதானேன்னு கால வெச்சா கணுக்கால் வரைக்கும் ஐஸ் தண்ணி. பூட்ஸ் காஞ்சதும், பனி கரையறதுக்காக ரோட்டுல போடற உப்பு வெள்ளை வெள்ளையா கோடு போட்டிருக்கும், அதைத் துடைச்சிட்டுத்தான் தூங்கணும்.

இதெல்லாம் "கவனம் அந்தப் பக்கம் போனதால வர்ற மயக்கம்" னு சொன்னா எனக்குக் கோபம்தான் வரும். அதே ஊர்ல, அதே குளிர்ல, என்கூட வேலை பார்க்கிற டாக்டரம்மா வீட்டுக்குள்ளயே இருக்கிற கராஜ்ல கார் ஏறி ஆஸ்பத்திரி பேஸ்மென்ட்ல இறங்கறாங்க. அவங்களுக்கு ஜனவரி ரொம்ப அழகு. ஃபோட்டோ எல்லாம் எடுத்து அனுப்புவாங்க. பொய்யும் சொல்லல, அவங்க ஜன்னல்லேர்ந்து பார்த்தா அழகாத்தான் இருக்கு.

குளிர்காலம் நகரத்தைப் பத்தி ஒண்ணும் சொல்றதில்ல. நகரத்துல நீங்க எந்த இடத்துல இருக்கீங்கன்னு சொல்லுது.

தெருவிளக்கு

கடைசி வரிக்கு ஒரு ஓட்டு. அதைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது, ராத்திரி வருகிறேன்.

கணக்குப்பிள்ளை

இரவுப்பணி, உங்கள் கோபம் நியாயமானது. நான் சொன்னது கஷ்டம் பொய் என்றல்ல. கஷ்டத்திலிருந்து "இந்த நகரமே வேண்டாம்" என்ற முடிவுக்குத் தாவுவதைத்தான் சொன்னேன்.

இன்னொரு பக்கத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 1983இல் ஷ்வார்ட்ஸ், க்ளோர் இருவரும் வெயில் நாளிலும் மழை நாளிலும் தொலைபேசியில் கேட்டபோது, வெயில் நாளில் கேட்கப்பட்டவர்கள் வாழ்க்கையே நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். முதலில் "அங்கே வானிலை எப்படி?" என்று விசாரித்துவிட்டுக் கேட்டால் அந்த வித்தியாசம் மறைந்தது. பாடப்புத்தகங்களில் எல்லாம் ஏறிய ஆய்வு. ஆனால் 2013இல் லூகாஸ், லாலெஸ் என்ற இருவர் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் பதில்களை அன்றன்றைய வானிலையோடு ஒட்டிப் பார்த்தார்கள். குறிப்பிடும்படியான தாக்கம் எதுவும் அகப்படவில்லை. ஆக ஒரு நாள் மப்பும் மந்தாரமுமாக இருந்ததால் மனிதன் தன் வாழ்க்கையையே வெறுத்துவிடுவான் என்பது மிகை.

ஆனால் நாலு மாசம் நீளும் இருட்டு வேறு கணக்கு.

மங்கிய_வெயில்

அந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொள்கிறேன். எல்லாரும் குளிர், குளிர் என்கிறீர்கள். எனக்கென்னவோ வெளிச்சம்தான் விஷயம் என்று படுகிறது. டிசம்பர் கடைசியில் ஹெல்சிங்கியில் பகல் ஆறு மணி நேரம்கூடத் தேறாது. லண்டனில் எட்டு மணி நேரத்துக்குச் சற்றே குறைவு. அதுவும் கணக்குப்படிதான். மேகம் மூடினால் அந்தப் பகலும் போயிற்று. 2017 டிசம்பரில் மாஸ்கோவில் மாதம் முழுவதற்கும் சேர்த்து ஆறே நிமிடம்தான் வெயில் பதிவாகியிருந்தது. அந்த ஆறு நிமிடம் அடித்தபோது பாதிப் பேர் சுரங்க ரயிலில் இருந்திருப்பார்கள்.

அலுவலக விளக்கு வெளிச்சம் சுமார் 300 முதல் 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கிற அலகு). மேகம் மூடிய பகலிலும் வெளியே ஆயிரத்தைத் தாண்டும். பெருநகரத்தில் இருட்டில் கிளம்பி, நிலத்தடியில் போய், விளக்கடியில் உட்கார்ந்து, இருட்டில் திரும்புகிறோம். இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் உயர்ந்த கட்டடங்கள் மறைக்கின்றன. தெருவின் தெற்குப் பக்கத்து நிழல் எதிர்ச்சாரி முதல் மாடி வரைக்கும் ஏறிவிடும். இதைக் குளிர் என்ற கணக்கில் எழுதுவதால்தான் ஜாக்கெட் மேல் ஜாக்கெட் வாங்கியும் தீரமாட்டேன் என்கிறது.

1984இல் மனநல மருத்துவர் நார்மன் ரோசந்தாலும் கூட இருந்தவர்களும் பருவகால மனச்சோர்வை விவரித்து எழுதியதிலிருந்து, 10,000 லக்ஸ் விளக்கின் முன் காலையில் அரை மணி நேரம் உட்காருவது வழக்கமான சிகிச்சையாகிவிட்டது. நாலாம்மாடி, ஊரை மாற்றுவதற்கு முன்னால் விளக்கை மாற்றிப் பாருங்கள்.

நெறியாளர்

ஒரு சிறு குறிப்பு: கண் கோளாறு உள்ளவர்கள், இருமுனை மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அந்த விளக்கை வாங்க வேண்டாம். சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால் இழையில் கேட்பதைவிட மருத்துவரிடம் போவது நல்லது. தொடருங்கள்.

பழைய_நிருபர்

குளிர்காலம் நகரத்தைப் பற்றிய கருத்தை மாற்றுகிறதா என்று கேட்டால், நகர மேயர்களைக் கேளுங்கள் என்பேன்.

1979 ஜனவரியில் சிகாகோவில் ஒரே வார இறுதியில் அரை மீட்டர் பனி கொட்டியது. ஏற்கெனவே கிடந்த பனியே அள்ளப்படவில்லை. மேயர் மைக்கேல் பிலாண்டிக் "எல்லாம் சரியாகிறது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தெரு அப்படியே இருந்தது. புறநகர்க்காரர்களைச் சீக்கிரம் கொண்டுசேர்க்க, ரயில்கள் கறுப்பின மக்கள் வாழும் பகுதி நிலையங்களில் நிற்காமல் போயின. அடுத்த மாசமே உள்கட்சித் தேர்தல். ஜேன் பைர்ன் ஜெயித்து, பிறகு அந்த நகரத்தின் முதல் பெண் மேயரானார். பனிதான் தோற்கடித்தது என்று சொல்வார்கள். எனக்குத் தெரிந்து தோற்கடித்தது, யார் வாசலில் முதலில் பனி அள்ளப்பட்டது என்ற கேள்வி.

அதற்குப் பத்து வருஷம் முன்னால், 1969 பிப்ரவரியில், நியூயார்க்கில் இதே கதை. குவீன்ஸ் பகுதித் தெருக்கள் நாள்கணக்கில் அப்படியே கிடந்தன. அந்தப் புயலில் 42 பேர் இறந்தார்கள். மேயர் ஜான் லிண்ட்சே ஆறுதல் சொல்லப் போனபோது திட்டித் தீர்த்தார்கள். 1999 ஜனவரியில் டொரன்டோ மேயர் மெல் லாஸ்ட்மன் பனி அள்ள ராணுவத்தைக் கூப்பிட்டார். மற்ற ஊர்க்காரர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அள்ளாமல் விட்டவர்கள் பட்ட பாட்டோடு பார்த்தால், சிரிப்பை வாங்கிக்கொண்டது மோசமில்லை.

கோடையில் நகராட்சி என்று ஒன்று இருப்பதே யாருக்கும் ஞாபகம் வராது.

வடதிசை

எங்கள் பகுதி கவுன்சிலருக்கு இதை அனுப்பலாமா?

தெருவிளக்கு

வந்துவிட்டேன். நான் நகராட்சிச் சாலைப் பிரிவில் வேலை பார்க்கிறவன். எந்த ஊர் என்று நாலாம்மாடி மாதிரியே நானும் சொல்லப்போவதில்லை, காரணம் வேறு.

இரவுப்பணி சொன்ன அந்தக் கணுக்கால் தண்ணீரைப் பற்றி. அது இயற்கை அல்ல. பனி தள்ளும் கலப்பை வண்டி, கார் போகிற பாதையைத் தள்ளிச் சுத்தம் செய்யும்போது பனி முழுக்கத் தெருமுனையில், அதாவது நடக்கிறவர்கள் கடக்கிற இடத்தில், போய்க் குவிகிறது. அங்கேதான் வடிகால் வாயும் இருக்கும். அது அடைபட்டதும் உப்பில் கரைந்த பனித் தண்ணீர் போக இடமில்லாமல் தேங்கும். எந்தத் தெருவை முதலில் தள்ளுவது, தள்ளியதை எங்கே போடுவது என்று யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து எடுத்த முடிவு அது. அந்த வரிசைப் பட்டியலில் பெரும்பாலும் நெடுஞ்சாலை முதலில், நடைபாதை கடைசியில்.

ஸ்டாக்ஹோமில் 2015இல் வரிசையைத் திருப்பிப் போட்டார்கள்: நடைபாதை, சைக்கிள் பாதை, பேருந்துத் தடத்துக்கு முன்னுரிமை. பஸ்ஸிலும் கால்நடையாகவும் போகிறவர்களில் பெண்கள் அதிகம் என்பதால் அதற்குச் சமத்துவப் பனி அகற்றல் என்ற மாதிரிப் பெயரும் வைத்தார்கள். 2016 நவம்பரில் ஒரே நாளில் பேய்ப் பனி பெய்து நகரம் முடங்கியது. பழி முழுக்க அந்தத் திட்டத்தின் தலையில். வரிசை சரியானதாக இருந்தாலும் அள்ளுவதற்கு ஆளும் வண்டியும் போதாவிட்டால் என்ன செய்வது? ஆனால் திட்டத்தைத் திட்டுவது சுலபம்.

இன்னொரு ரகம், தெருவையே விட்டுவிடுவது. அமெரிக்காவின் மினியாபொலிஸில் 1962 முதல் கட்டடத்துக்குக் கட்டடம் மாடிப் பாலம் போட்டார்கள். மான்ட்ரியலில் அதே வருஷம் தொடங்கிய நிலத்தடி நடைவழி இன்றைக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டும். டொரன்டோவிலும் அப்படி ஒன்று உண்டு. உள்ளே நடந்தால் ஜனவரி என்பதே தெரியாது. வசதிதான். ஆனால் மினியாபொலிஸில் இதைப் பற்றி நீண்ட நாளாகவே ஒரு சண்டை: மேலே ஆட்கள் போய்விட்டதால் கீழே தெருவும் கடைகளும் வெறிச்சோடிவிட்டன என்று. சாயங்காலம் அலுவலகம் மூடியதும் பாலங்களும் மூடிவிடும். ராத்திரி வேலைக்குப் போகிறவர்களுக்கு வெறிச்சோடிய அந்தத் தெருதான் மிச்சம்.

ஜப்பானின் சப்போரோவைப் பாருங்கள். இருபது லட்சம் பேர் வாழ்கிற நகரம், வருஷத்துக்குச் சராசரியாக ஐந்து மீட்டர் அளவுக்குப் பனி. அங்கேயும் 2011இல் ரயில் நிலையத்திலிருந்து நிலத்தடி நடைவழி திறந்தார்கள். கூடவே 1950இலிருந்து பிப்ரவரியில் பனிச் சிற்ப விழாவும் நடக்கிறது. அங்கிருப்பவர்கள் குளிரைக் கொண்டாடிக்கொண்டே இருக்கிறார்கள் என்று கதைவிட மாட்டேன். கூரைப் பனியைத் தள்ளுகிறவர்களுக்கு அது வேலை. ஆனால் வெளியே வர ஒரு காரணம் இருக்கிறது.

சைக்கிள்காரி

தெருவிளக்கு, உங்கள் ஊரில் சைக்கிள் பாதை எத்தனாவது இடம்?

தெருவிளக்கு

அடுத்த கேள்வி.

புகைமூட்டம்

இங்கே எல்லாரும் பனி பெய்கிற ஊர்களையே பேசுகிறீர்கள். பனியே பெய்யாத குளிர்காலமும் நகரத்தை வெறுக்க வைக்கும். டெல்லியைப் பாருங்கள். குளிர்காலத்தில் நிலத்தையொட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கீழேயே தங்கிவிடுகிறது, மேலே சூடான காற்று மூடி போடுகிறது. காற்றோட்டமும் குறைவு. வாகனப் புகை, கட்டுமானத் தூசி, அறுவடைக்குப் பிறகு வயலில் எரிக்கிற பயிர்த் தாள் எல்லாம் சேர்ந்து உள்ளேயே சுற்றும். காற்றுத் தரக் குறியீடு 400ஐத் தாண்டினால் "கடுமையான" நிலை. பள்ளிகள் மூடப்படுகின்றன, கட்டட வேலை நிற்கிறது. மார்ச்சில் வானம் தெளிந்ததும் பேச்சு நின்றுபோகும்.

லண்டனும் இதையெல்லாம் பார்த்த ஊர்தான். 1952 டிசம்பரில் ஐந்து நாள் நிலக்கரிப் புகை நகராமல் நின்றதில் ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. உலகிலேயே மிகக் குளிரான தலைநகரமான மங்கோலியாவின் உலான்பாடரில் கூடார வீடுகளில் நிலக்கரி எரித்துத்தான் குளிர்காயணும். 2019இல் கச்சா நிலக்கரிக்குத் தடை போட்டார்கள். இங்கேயெல்லாம் "குளிர்காலத்தில் முடிவெடுக்காதீர்கள், கோடைவரை பொறுங்கள்" என்பது நல்ல அறிவுரையே அல்ல. கோடைவரை பொறுத்துப் பொறுத்துத்தான் ஒன்றும் நடக்காமல் போகிறது. மூச்சுத் திணறும்போது எடுக்கிற முடிவுதான் சரியான முடிவு.

வடதிசை

இது நியாயமான மறுப்பு. நான் சொன்னது பனி ஊர்க் கணக்கு.

ஊர்திரும்பி

நான் நாலாம்மாடி யோசிக்கிறதைச் செய்தவன். பெருநகரத்திலிருந்து சின்ன ஊருக்குப் போய்விட்டேன், குளிர் அதே குளிர். சொல்லாமல் விட்ட சில விஷயங்கள்.

சின்ன ஊரில் குளிர் சற்று கூடுதலாகவே இருக்கும். பகலெல்லாம் சூடேறிய கட்டடமும் தாரும் ராத்திரி வெப்பத்தை விடுவதால் நகரத்தின் நடுப்பகுதி எப்போதும் சில டிகிரி சூடு. சின்ன ஊரில் கார் இல்லாமல் ஜனவரி இல்லை. காலையில் வண்டியைத் தோண்டி எடுக்க வேண்டும், கண்ணாடியைச் சுரண்ட வேண்டும், பாட்டரி செத்திருந்தால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். தட்டினால் வருவார்கள், அது உண்மை. நகரத்தில் அடுத்த வீட்டுக்காரர் முகமே எனக்குத் தெரியாது.

ஆனால் ஐந்து மணிக்கு இருட்டிய பிறகு போக ஓர் இடம் கிடையாது. நகரத்தில் நூலகம், சினிமா, ராத்திரி பத்து வரை திறந்திருக்கும் காபிக்கடை என்று வெளிச்சமுள்ள அறை ஏதாவது நடக்கும் தூரத்தில் இருந்தது. குளிர்காலம்தான் பெருநகரத்தை வெறுக்க வைக்கிறது என்று நினைத்துப் போனேன். போன பிறகு நகரத்தில் எனக்குப் பிடித்தவற்றில் பாதி, குளிர்காலத்து விஷயங்கள் என்று தெரிந்தது. திரும்பி வரும் உத்தேசம் இல்லை, காரணம் வேறு. குழந்தைகளுக்கு அங்கே பிடித்துவிட்டது.

நாலாம்மாடி

இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. என் நிலவரத்தைச் சொல்கிறேன். வீடு வடக்குப் பார்த்தது, நேர் வெயில் உள்ளே வராது. பழைய கட்டடம், வீட்டைச் சூடாக்குகிற ரேடியேட்டர் ராத்திரி இரண்டு மணிக்கு உள்ளே யாரோ சுத்தியலால் அடிக்கிற மாதிரி சத்தம் போடும், விடியும்போது ஆறிப்போயிருக்கும். ரயில் நிலையம் பதினைந்து நிமிட நடை, நடுவில் ஆற்றுப் பாலம், அதில் அடிக்கிற காற்று. அலுவலகத்தில் ஜன்னல் பக்கத்து மேசை இல்லை. எழுதும்போதே தெரிகிறது, இதில் எதுவும் "பெருநகரம்" அல்ல.

இரவுப்பணி

அதான் சொன்னேன். உங்க புகார் ஒரு ஃப்ளாட் மேல, ஒரு பாலம் மேல. ரேடியேட்டர் ஆறிப்போறதுக்குச் சட்டம் இருக்கான்னு பாருங்க. நியூயார்க்ல அக்டோபர் 1லேர்ந்து மே 31 வரைக்கும் ராத்திரில வீட்டுக்குள்ள 17 டிகிரிக்குக் குறையக் கூடாது. பகல்ல வெளிய 13 டிகிரிக்குக் கீழ போனா உள்ள 20 இருக்கணும். உங்க ஊர்லயும் ஏதாவது இருக்கும். வீட்டுக்காரருக்கு வாய்ல சொல்லாதீங்க, வெப்பமானி ஃபோட்டோவோட எழுதி அனுப்புங்க.

மங்கிய_வெயில்

தெற்குப் பார்த்த வீடு, நிலையத்துக்கு ஐந்து நிமிடம். அதே நகரத்தில் தேடிப் பாருங்கள், இப்போதே. எல்லாரும் கோடையில் வீடு பார்க்கிறார்கள். ஜன்னல் இடுக்கில் காற்று வருவதும், எந்தத் தெருவில் பனி அள்ளவில்லை என்பதும் பிப்ரவரியில் போனால்தான் தெரியும்.

கணக்குப்பிள்ளை

எச்சரிக்கை: குளிரான நாளில் அஞ்சல் வழி விற்பனைப் பட்டியலைப் பார்த்து ஆர்டர் செய்த கோட்டு, பூட்ஸ்கள் பிற்பாடு அதிகம் திருப்பி அனுப்பப்பட்டன என்று 2007இல் ஓர் ஆய்வு வந்தது. இன்றைய குளிர் என்றைக்கும் இருக்கும் என்று நினைத்து வாங்குகிறோம். பிப்ரவரியில் வீடு பார்த்தால் தெற்கு ஜன்னலுக்கும் நிலையத்துப் பக்கத்துக்கும் அதிக வாடகை ஒப்புக்கொண்டு, ஜூலையில் அந்த ஜன்னல் அறையை அடுப்பாக்கும்போது வருந்தக்கூடும்.

தெருவிளக்கு

ஜூலைக்குத் திரைச்சீலை போதும். ஜனவரிக்கு வெயில் வாங்கி மாட்ட முடியாது. பார்க்கிற வேலையைப் பிப்ரவரியில் செய்யுங்கள், பேரத்தையும் அப்போதே பேசுங்கள். அந்த மாசத்தில் வீடு தேடி வருகிறவர்கள் குறைவு. சாயங்காலம் இருட்டிய பிறகு நிலையத்திலிருந்து ஒருமுறை நடந்தே போய்ப் பாருங்கள். வேலைக்குப் பதில் சொல்வதை இதோடு முடிச்சுப் போட வேண்டாம். அந்த வேலை கோடையில் வந்திருந்தால் ஒப்புக்கொண்டிருப்பீர்களா என்று மட்டும் யோசியுங்கள்.

நாலாம்மாடி

கோடையில் வந்திருந்தால் கடிதத்தை முழுதாகப் படித்திருக்கவே மாட்டேன். சனிக்கிழமை இரண்டு வீடு பார்க்கப் போகிறேன்.

வடதிசை

ஹீட்டிங் செலவு வாடகையில் சேர்த்தியா என்று முதலில் கேளுங்கள்.